தாயத்துக்கு எத்தனை வழி?

நுண்கணிதத்தில் தொண்ணூறு வாங்குகிற மாணவர், நிகழ்தகவின் முதல் தேர்வில் ஐம்பதைத் தாண்டத் திணறுவது கல்லூரிக் கணிதத் துறைகளுக்குப் புதிதில்லை. பாடத்தில் வரும் கணக்கோ எளிது. முதல் சில வாரங்களுக்குக் கூட்டல், பெருக்கல், பின்னம், கொஞ்சம் வரிசைமாற்றமும் சேர்மானமும், அவ்வளவுதான். பிளஸ் ஒன் பிள்ளைகள் போடக்கூடிய கணக்குகள். ஆனாலும் விடை தவறுகிறது. தவறியது தெரியாமலே தவறுகிறது என்பதுதான் கொடுமை. தொகையிடலில் பிழை விட்டால் விடையை வகையிட்டுச் சரிபார்க்கலாம். சமன்பாட்டின் தீர்வைத் திரும்பப் பொருத்திப் பார்க்கலாம். நிகழ்தகவில் 1/8 வரவேண்டிய இடத்தில் 1/10 வந்துவிட்டால்? இரண்டும் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே சமர்த்தாக உட்கார்ந்திருக்கின்றன. முகத்தைப் பார்த்து எது சரி என்று சொல்ல முடியாது.

என் கட்சி இதுதான்: இந்தப் பாடத்தின் கஷ்டம் முழுவதும் கணக்குத் தொடங்குவதற்கு முன்பே வந்துபோய்விடுகிறது. எவையெல்லாம் நடக்கலாம் என்று பட்டியல் போடும்போது, அவற்றுக்கு எடை கொடுக்கும்போது, காதில் விழுந்த தகவல் எந்த வழியாக வந்தது என்று கேட்காமல் விடும்போது. அதற்குப் பிறகு வருவது வெறும் பின்னம்.

1/8, 1/10 என்று சும்மா சொல்லவில்லை. தாயக்கட்டையை எடுத்துக்கொள்வோம். பித்தளையில் நீளமாக, நான்கு பக்கங்களோடு இருக்கும் அந்த ஜோடியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பக்கம் வெறுமை. மற்ற மூன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிப் போட்டால் கூட்டுத்தொகை 1 முதல் 6 வரை ஏதோ ஒன்று வரும். இரண்டுமே வெறுமையாக விழுந்தால் அதைப் பூச்சியம் என்று சொல்லாமல் 12 என்று எண்ணுவார்கள். ஒன்று விழுந்தால் தாயம். தாயம் விழாமல் காய் இறங்காது. அப்படியானால் தாயம் விழும் நிகழ்தகவு என்ன?

ஒருவர் சொல்வார்: வரக்கூடிய எண்கள் 1, 2, 3, 4, 5, 6, 12 என ஏழு, ஆகவே 1/7. இன்னொருவர் கொஞ்சம் யோசித்து, இரண்டு கட்டைகளும் காட்டும் ஜோடிகளை எழுதுவார்: வெறுமை-வெறுமை, வெறுமை-ஒன்று, வெறுமை-இரண்டு... என்று பத்து ஜோடிகள் வரும். அதில் தாயம் ஒன்று; ஆகவே 1/10. மூன்றாமவர் ஒரு கட்டையில் சிவப்பு மையால் பொட்டு வைத்துவிட்டு எண்ணுவார். பொட்டு வைத்த கட்டைக்கு நான்கு வழி, மற்றதற்கு நான்கு வழி, மொத்தம் பதினாறு. தாயம் அதில் இரண்டு முறை வருகிறது: பொட்டுக்கட்டை ஒன்றைக் காட்டி மற்றது வெறுமையாக இருக்கலாம், அல்லது மாறி விழலாம். ஆகவே 2/16, அதாவது 1/8.

மூன்றாவது விடைதான் சரி. ஆனால் முதல் இருவரும் எழுதிய கூறுவெளியில், அதாவது நடக்கக்கூடியவற்றின் பட்டியலில், தவறே இல்லை. ஏழு விளைவுகள் என்பதும் உண்மை, பத்து ஜோடிகள் என்பதும் உண்மை. அந்த ஏழுக்கும், அந்தப் பத்துக்கும் சம எடை கொடுத்தார்களே, அங்கேதான் சறுக்கல். பொட்டு வைத்ததால் கட்டையின் எடையோ உருளும் விதமோ மாறிவிடவில்லை. ஏற்கெனவே இருந்த பதினாறு வழிகளைக் கண்ணுக்குக் காட்டியது, அவ்வளவே. அந்தப் பதினாறிலிருந்து மற்ற எடைகளையும் எடுக்கலாம். மூன்று விழ நான்கு வழி, பன்னிரண்டு விழ ஒரே வழி. பன்னிரண்டு விழுந்தால் ஆட்டக்காரர் துள்ளுவது நியாயம்தான்.

இந்தச் சறுக்கலுக்காக மாணவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. நல்ல துணை இருக்கிறது. நுண்கணிதத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான லைப்னிட்ஸ், இரண்டு பகடைகளில் 11 விழுவதும் 12 விழுவதும் சம வாய்ப்புள்ளவை என்றே நம்பினார். இரண்டுக்கும் ஒவ்வொரு வழிதானே என்பது அவர் வாதம். உண்மையில் 11க்கு இரண்டு வழி. பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் ஆசிரியர்களில் ஒருவரும் பெரும் கணித மேதையுமான தாலம்பேர், 1754இல் அதே கலைக்களஞ்சியத்தில் எழுதிய கட்டுரையில், நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு முறையாவது தலை விழும் நிகழ்தகவு 2/3 என்று வாதாடினார். முதல் சுண்டலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. இல்லாவிட்டால் பூ-தலை, பூ-பூ. ஆக மூன்று நிலைகள், அதில் இரண்டு சாதகம். சரியான விடை 3/4.

இவர்களுக்கெல்லாம் முன்பே, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கலிலியோ இதைத் தெளிவாகப் பார்த்துவிட்டார். மூன்று பகடைகளில் 9 வர ஆறு சேர்க்கைகள், 10 வரவும் ஆறு சேர்க்கைகள். ஆனால் 10தான் சற்று அதிகம் விழுகிறது என்று சூதாடிகள் சொல்கிறார்களே, ஏன்? கலிலியோ 216 வழிகளையும் பிரித்து எண்ணினார். 3-3-3 என்பது ஒரே வழியில் விழும். 1-2-6 ஆறு வழியில் விழும். முடிவில் 9க்கு 25, 10க்கு 27. வித்தியாசம் 216இல் 2, ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அந்தச் சூதாடிகள் எத்தனை இரவுகள் ஆடியிருந்தால் இந்த நூலிழை வித்தியாசம் உறைத்திருக்கும் என்று நினைத்தால் பிரமிப்பும் கொஞ்சம் பரிதாபமும் வருகிறது.

இத்தோடு, 'எப்போதும் பொட்டு வைத்து எண்ண வேண்டும்' என்று விதி எழுதிவிட்டுப் போய்விடலாம் என்று தோன்றும். பல பாடப்புத்தகங்கள் போய்விடுகின்றன. ஆனால் இங்கே ஒரு வங்காளி குறுக்கே வருகிறார்.

1924இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்த சத்யேந்திர நாத் போஸ், ஒளியின் கதிர்வீச்சு பற்றிய ஒரு கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதைத் தாமே ஜெர்மனில் மொழிபெயர்த்து இதழில் வெளியிட்டார். அந்தக் கட்டுரைக்குள் இருந்தது ஒரு புதிய எண்ணும் முறை. நம் தாயக்கட்டையின் மொழியில் சொன்னால்: இரண்டு ஒளித்துகள்கள், அவை அமரக்கூடிய நான்கு நிலைகள். பொட்டு வைத்து எண்ணினால் பதினாறு. ஆனால் ஒளித்துகள்களுக்குப் பொட்டு வைக்க முடியாது. கைக்கு எட்டாததால் அல்ல, இது அது என்ற அடையாளமே அவற்றுக்குக் கிடையாது. அங்கே சம எடை பெறுபவை பத்து ஜோடிகள்தாம்! தாயக்கட்டையில் தவறாகப் போன 1/10, ஒளியிடம் சரியாகிவிடுகிறது. இரண்டும் ஒரே நிலையில் அமரும் நிகழ்தகவு கட்டைகளுக்கு 4/16, ஒளித்துகள்களுக்கு 4/10. கூடி நிற்பதில் அவற்றுக்கு அவ்வளவு விருப்பம். எலெக்ட்ரான்களுக்கு இன்னொரு கணக்கு: ஒரே நிலையில் இரண்டு அமரவே கூடாது என்பதால் ஆறு ஜோடிகள் மட்டுமே மிஞ்சும்.

16, 10, 6. மூன்றுமே ஒழுங்கான நிகழ்தகவு மாதிரிகள். எது எங்கே பொருந்தும் என்பதைக் கணிதம் சொல்லாது. உலகத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாணவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும், ஏனென்றால் இதே பாடத்தில்தான் அவர்கள் கோல்மொகோரவின் அடிக்கோள்களைப் படிக்கிறார்கள். 1900இல் கணித மேதை ஹில்பர்ட் பாரிஸில் அறிவித்த புகழ்பெற்ற கணக்குகளில் ஆறாவது, இயற்பியலையும் அதனோடு நிகழ்தகவையும் அடிக்கோள்களின் மேல் நிறுத்தச் சொன்னது. 1933இல், முப்பது வயது ரஷ்யரான அந்திரேய் கோல்மொகோரவ், ஜெர்மன் மொழியில் எழுதிய மெல்லிய நூலொன்றில் நிகழ்தகவுக்கான பகுதியை முடித்துவைத்தார். நிகழ்தகவு குறை எண்ணாக இராது. கூறுவெளி முழுவதற்கும் அது 1. ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளைச் சேர்த்தால் நிகழ்தகவுகள் கூடும். சாரம் இவ்வளவுதான். முடிவிலியான கூறுவெளிகளுக்கு வரும்போது சேரும் நுட்பங்கள் வேறு கதை. முதல் பாடத்தில் அவற்றை மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போவதே உத்தமம்.

இந்த விதிகள் சதுரங்க விதிகளைப் போன்றவை. எந்த நகர்த்தல் செல்லாது என்று சொல்லும். எந்த நகர்த்தல் நல்லது என்று சொல்லாது. தாயத்துக்கு 1/7 கொடுத்தாலும் கோல்மொகோரவ் கோபித்துக்கொள்ள மாட்டார், மற்ற ஆறு எண்களுக்கும் சேர்த்து 6/7 வந்தால் போதும். தாயக்கட்டையின் நான்கு பக்கங்களும் ஒரே மாதிரி இருப்பதால் சம எடை கொடுக்கத் துணிகிறோம். கட்டைக்குப் பதில் சோழி போட்டு ஆடினால் அந்தத் துணிச்சல் செல்லாது. சோழியின் வாய்ப்பக்கம் வேறு, முதுகுப்பக்கம் வேறு. ஆகவே பாதிக்குப் பாதி என்று சொல்ல எந்த நியாயமும் கிடையாது, நூற்றுக்கணக்கில் போட்டு எண்ணிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. பாடப்புத்தகக் கணக்குகள் 'சீரான நாணயம்', 'சீரான பகடை' என்று தொடங்குவதைக் கவனியுங்கள். 'சீரான' என்ற அந்த ஒற்றைச் சொல் மாணவருக்குப் பதிலாக மிகக் கடினமான வேலையைச் செய்துகொடுத்துவிடுகிறது. தேர்வுக்கு அது வசதி. வெளியே வந்த பிறகு அந்தச் சொல்லை யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

அடுத்த சறுக்கல் சார்பின்மை. விடைத்தாள்களில் மிக அதிகம் குழம்பும் இரட்டையர் 'ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள்', 'சார்பற்ற நிகழ்ச்சிகள்' என்பவைதாம். ஒன்றோடொன்று ஒட்டாதவை என்று இரண்டும் காதில் ஒரே மாதிரி விழுகின்றன. உண்மையில் ஏறக்குறைய எதிர்த் துருவங்கள். விலக்கும் நிகழ்ச்சிகளில் ஒன்று நடந்தது தெரிந்தால் மற்றது நடக்கவே நடக்காது. ஒன்றைப் பற்றிய செய்தி மற்றதைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. இதைவிடப் பெரிய சார்பு இருக்க முடியாது. சார்பற்றவை என்றால் ஒன்று நடந்தாலும் நடக்காவிட்டாலும் மற்றதன் நிகழ்தகவு அசையாது. அப்போதுதான் இரண்டையும் பெருக்கலாம்.

பெருக்கும் அந்த உரிமையை யாரும் இலவசமாகத் தருவதில்லை. இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற வழக்கறிஞரின் கதை இதற்குச் சாட்சி. அவருடைய இரண்டு ஆண் குழந்தைகள், ஒன்று 1996இலும் மற்றது 1998இலும், பிறந்த சில வாரங்களிலேயே இறந்தன. தாயே கொன்றுவிட்டார் என்று வழக்கு. 1999இல் விசாரணையில் சாட்சி சொன்ன குழந்தை மருத்துவ வல்லுநர் ராய் மெடோ, புகைபிடிக்காத, வருமானமுள்ள ஒரு குடும்பத்தில் தொட்டிலில் குழந்தை திடீரென இறக்கும் வாய்ப்பு 8,543இல் ஒன்று என்றார். இரண்டு குழந்தைகள் அப்படி இறப்பதற்கு? 8,543ஐ 8,543ஆல் பெருக்கி, ஏறக்குறைய 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்றார். கிளார்க்குக்கு ஆயுள் தண்டனை விழுந்தது.

அந்தப் பெருக்கலுக்கு ஆதாரம் எங்கே? ஒரே தாய் தந்தை, ஒரே மரபணுக்கள், ஒரே வீடு. முதல் குழந்தையின் மரணத்துக்கு நமக்குத் தெரியாத ஏதோ ஒரு காரணம் இருந்திருந்தால் அது இரண்டாவதையும் தொட்டிருக்கலாம். 2001இல் இங்கிலாந்தின் ராயல் புள்ளியியல் கழகம் பொது அறிக்கை ஒன்றில் அந்த எண்ணுக்குப் புள்ளியியல் அடிப்படையே இல்லை என்று கண்டித்தது. அதே அறிக்கை இன்னொரு ஓட்டையையும் காட்டியது. பெருக்கலே சரியென்று வைத்துக்கொண்டாலும், அந்த எண் 'தாய் நிரபராதி என்றால் இப்படி நடக்கும் நிகழ்தகவு'. நீதிமன்றத்துக்குத் தேவையானதோ 'இப்படி நடந்திருக்கும்போது தாய் நிரபராதியாக இருக்கும் நிகழ்தகவு'. இரண்டும் ஒன்றல்ல. பெற்ற தாய் இரண்டு கைக்குழந்தைகளைக் கொல்வதும் அபூர்வத்திலும் அபூர்வம். எந்த அபூர்வம் எதைவிடப் பெரிது என்று ஒப்பிடாமல் ஒன்றை மட்டும் காட்டிப் பயமுறுத்தக் கூடாது. நிபந்தனையைத் திருப்பிப் போடும் இந்தப் பிழையைத் தவிர்க்கத்தான் பேய்ஸ் தேற்றம் பாடத்திட்டத்தில் இருக்கிறது. 2003 ஜனவரியில் கிளார்க் விடுவிக்கப்பட்டார். முக்கியக் காரணம், இரண்டாவது குழந்தையின் உடலில் எடுத்த நுண்ணுயிரிச் சோதனை முடிவுகள் கிளார்க் தரப்புக்குக் காட்டப்படாமல் இருந்தது வெளிவந்ததுதான். 2007இல் அவர் இறந்தபோது வயது 42.

நிபந்தனை நிகழ்தகவில் மாணவர்கள் தடுமாறுவதற்கு இன்னொரு காரணம், தகவல் வந்த வழியைப் பார்க்காமல் தகவலை மட்டும் பார்ப்பது. 1889இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் பெர்ட்ராண்ட் கொடுத்த கணக்கை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. மூன்று பெட்டிகள்: ஒன்றில் இரண்டு தங்கக் காசுகள், ஒன்றில் இரண்டு வெள்ளி, ஒன்றில் தங்கம் ஒன்று, வெள்ளி ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெட்டியிலிருந்து ஒரு காசை எடுத்தோம், தங்கம். அதே பெட்டியில் மிஞ்சியிருப்பதும் தங்கமாக இருக்கும் நிகழ்தகவு? வெள்ளிப் பெட்டி போய்விட்டது, மீதி இரண்டு பெட்டிகள், ஆகவே பாதி என்பார்கள். விடை 2/3. நாம் எடுத்தது பெட்டியை மட்டுமல்ல, காசையும். தங்கக் காசுகள் மொத்தம் மூன்று. கையிலிருப்பது அந்த மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். மூன்றில் இரண்டுக்குத் துணைக்காசும் தங்கம்.

இதன் அண்ணன் தம்பிதான் மான்டி ஹால் புதிர். ஒரு பரிசுப் போட்டியில் மூன்று கதவுகள், ஒன்றின் பின்னால் கார், இரண்டின் பின்னால் ஆடு. நீங்கள் ஒரு கதவைக் காட்டியதும் நடத்துநர் வேறொரு கதவைத் திறந்து ஆட்டைக் காட்டுகிறார், மாற்றிக்கொள்வீர்களா? மாற்றினால் 2/3 என்று 1990இல் மேரிலின் வோஸ் சாவன்ட் ஓர் அமெரிக்க வார இதழில் எழுதியதும் ஆயிரக்கணக்கில் கண்டனக் கடிதங்கள் குவிந்தன. எழுதியவர்களில் முனைவர் பட்டம் பெற்ற கணித ஆசிரியர்களும் இருந்தார்கள். நிகழ்தகவைக் கொண்டு எண்கோட்பாட்டையே புரட்டிப்போட்ட பால் எர்டிஷ்கூடக் கணினியில் ஓட்டிக் காட்டும்வரை ஒப்புக்கொள்ளவில்லை. பலரும் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று: கார் எங்கே என்று தெரிந்த நடத்துநர் வேண்டுமென்றே ஆட்டுக் கதவைத் திறந்தால்தான் 2/3. அவர் எதுவும் தெரியாமல் குருட்டாம்போக்கில் திறந்து, தற்செயலாக ஆடு தெரிந்திருந்தால் விடை பாதிக்குப் பாதி. உங்கள் கண் முன்னால் தெரிவது இரண்டு நிலையிலும் அதே திறந்த கதவு, அதே ஆடு.

மீண்டும் தாயக்கட்டைக்கு வருவோம். தாயத்துக்கு 1/8 என்றால் சராசரியாக எட்டு உருட்டலில் ஒரு தாயம். எட்டு உருட்டியும் ஒரு தாயம்கூட விழாமல் போக 34 சதவீத வாய்ப்பு இருக்கிறது; மூன்று பேரில் ஒருவருக்கு இது நடக்கும். அவர் 'இத்தனை நேரம் விழவில்லை, இனி விழுந்தே ஆகணும்' என்பார். ஒன்பதாவது உருட்டலுக்கும் அதே 1/8தான். கட்டைக்கு ஞாபகம் கிடையாது. முயற்சிகள் பெருகினால் விகிதம் நிகழ்தகவை நெருங்கும் என்ற பெரு எண் விதியைப் பாதி மட்டும் படித்தால் இந்த நம்பிக்கைக்குப் பட்டமே கிடைத்துவிடும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் டென்மார்க்கைப் பிடித்தபோது அங்கே சிக்கிக் காவலில் வைக்கப்பட்ட தென்னாப்பிரிக்கப் புள்ளியியலாளர் ஜான் கெர்ரிச், பொழுது போகாமல் நாணயத்தை 10,000 முறை சுண்டிக் குறித்துவைத்தார். 100 சுண்டலில் தலை 44, 1,000இல் 502, 10,000இல் 5,067. விகிதம் பாதியை நெருங்குகிறது. ஆனால் சரிபாதியிலிருந்து உள்ள தூரம் முதலில் 6, பிறகு 2, கடைசியில் 67. நாணயம் பழைய பாக்கியைத் திருப்பிக் கட்டவில்லை. வகுக்கும் எண் பெரிதானதால் பாக்கி சிறிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இவ்வளவு பயமுறுத்திய பிறகு இந்தப் பாடம் தரும் சுகத்தையும் சொல்ல வேண்டும். சராசரியாக எவ்வளவு வரும் என்று சொல்லும் எதிர்பார்ப்பு மதிப்பு என்ற ஒன்று வரும். அதற்கு ஓர் அருமையான குணம். சமவாய்ப்பு மாறிகளின் கூட்டுத்தொகைக்கான எதிர்பார்ப்பு, தனித்தனி எதிர்பார்ப்புகளின் கூட்டுத்தொகையே. இதற்குச் சார்பின்மை தேவையே இல்லை! திருத்திய விடைத்தாள்களைக் கலைத்துப்போட்டு, ஆளுக்கொன்றாகக் கண்மூடித்தனமாகக் கொடுத்தால், சராசரியாக எத்தனை பேருக்குத் தம் சொந்தத் தாளே கிடைக்கும்? வகுப்பில் 40 பேர் என்றால் ஒவ்வொருவருக்கும் 1/40; நாற்பதையும் கூட்டினால் 1. நானூறு பேர் என்றாலும் 1. ஒருவருக்குத் தன் தாள் கிடைப்பது மற்றவர்களின் வாய்ப்பை மாற்றுகிறதே என்று கவலைப்பட வேண்டாம். எதிர்பார்ப்பு அதைக் கண்டுகொள்வதில்லை. இரண்டே பேர் என்றால் இருவருக்கும் சரியாகப் போகும், அல்லது இருவருக்கும் மாறிப்போகும். சராசரி அப்போதும் 1.

யாருக்குமே சொந்தத் தாள் கிடைக்காமல் போகும் நிகழ்தகவு என்ன என்பது இதைவிட ஆழமான கேள்வி. சீட்டாட்ட வடிவில் இதை 1708இல் கணித அறிஞர் மோன்மோர் தம் நூலில் எழுப்பினார். இரண்டு பேருக்கு 1/2, மூவருக்கு 1/3, நால்வருக்கு 9/24, ஐவருக்கு 44/120. ஏறி இறங்கி, வெகு சீக்கிரத்தில் 0.3679 என்ற எண்ணில் நின்றுவிடுகிறது. இயற்கை மடக்கையின் அடிமானமான 2.718... என்ற எண்ணின் தலைகீழ் அது. வகுப்பில் பத்துப் பேரா பத்தாயிரம் பேரா என்பதெல்லாம் நான்கு தசம இடங்கள் வரை அதற்குப் பொருட்டே இல்லை.

நால்வருக்கான 24 வரிசைகளையும் கையால் எழுதி, சொந்தத் தாள் யாருக்குமே போகாதவற்றை எண்ணிப் பாருங்கள். ஒன்பது வரவேண்டும். வந்த பிறகு அடுத்த அத்தியாயத்துக்கு வாருங்கள். அங்கே வரும் கூறுவெளிகளை இப்படி உட்கார்ந்து எழுதித் தீர்க்க முடியாது.